கணக்கும் பாட்டும்: பழனி மிருதங்கமும் டொரொன்டோ டிரம்ஸும்

தேவராட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. உறுமிக்காரர் எத்தனை வித்தை தெரிந்தவராக இருந்தாலும், ஆடுகிறவர்களின் கால் தடுமாறினால் அந்த வாசிப்பை யாரும் மெச்சமாட்டார்கள். தாளம் ஆட்டத்துக்காக. ஆனால் கச்சேரி மேடையில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. மிருதங்கக்காரர் பாட்டுக்கு வாசிக்கிறாரா, தன் கணக்கைக் காட்ட வாசிக்கிறாரா? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போகிறவர்கள் தங்கள் தீர்ப்பை அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்!

கணக்கு வழக்குக்குப் பேர்போனது புதுக்கோட்டை. அங்கே மான்பூண்டியா பிள்ளை ஒரு தவில்காரரிடம் லயம் கற்று, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய சீடர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). அந்தக் காலத்தில் பழனியும் நம் கம்பம் பள்ளத்தாக்கும் ஒரே மதுரை மாவட்டம் என்பதால், அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அவர் இடது கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டுமானால், அவர் பாடகருக்கு மறுபக்கம், அதாவது வயலின்காரரின் இடத்தில் உட்கார வேண்டும். யார் இடம் மாறுவார்கள்? செம்பை வைத்தியநாத பாகவதர் ஆதரித்ததால் மேடை கிடைத்தது.

பிள்ளை கணக்கில் புலி. பல்லவியைச் சிக்கலாக்கிப் பாடும் ஆலத்தூர் சகோதரர்களுக்கு அவர் வாசித்தார். ஆற்றொழுக்காக ஸ்வரம் பாடும் மதுரை மணி ஐயருக்கும் அவரே வாசித்தார். முன்னவர்களுக்குக் கணக்கு, பின்னவருக்குச் சர்வலகு, அதாவது நடையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடும் வாசிப்பு. இடையிடையே தொப்பியில் ஒரு கும்கி. புதுக்கோட்டைக் கணக்கு முழுவதும் கைக்குள் இருந்தும் வேண்டாத இடத்தில் அதை எடுக்கவில்லை. பாலக்காடு மணி ஐயரும் (1912–1981) பாட்டை ஒட்டியே போனவர். எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தவர். இருவரில் யார் பெரியவர் என்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். அவர்களோ சேர்ந்தே வாசித்தார்கள், மணி ஐயர் மிருதங்கம், பிள்ளை கஞ்சிரா.

பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடாவின் டொரொன்டோ நகரில் யார்க் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். அதே ஊரில்தான் 'ரஷ்' என்ற ராக் குழு. 1974-ல் அதில் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தவர் நீல் பியர்ட். இவர்கள் பாணியைப் 'புரோகிரசிவ் ராக்' என்பார்கள். ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும், ஐந்து, ஏழு என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். நம் கண்டமும் மிஸ்ரமும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பியர்ட் ஓர் அடி பிசகமாட்டார். அதையே குறையாகவும் சொன்னார்கள், இயந்திரம் மாதிரி இருக்கிறது என்று. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய பிறகு, 1994-ல், நாற்பது வயது தாண்டியவர், ஃப்ரெடி க்ரூபர் என்ற ஜாஸ் ஆசிரியரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். குச்சி பிடிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டார். க்ரூபர் வலியுறுத்தியது அடியை அல்ல, இரண்டு அடிகளுக்கு நடுவே கை நகரும் விதத்தை.

இங்கிலாந்தின் 'கிங் கிரிம்சன்' குழுவில் பில் ப்ரூஃபோர்ட் செய்தது இன்னும் வேடிக்கை. 1973-ல் ஒரு கச்சேரியில் மற்றவர்கள் மெதுவான ஒரு இசையை மேடையிலேயே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் குச்சிகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு கடைசிவரை ஓர் அடியும் அடிக்கவில்லை. மறு வருஷம் அது 'ட்ரையோ' என்ற பெயரில் இசைத்தட்டில் வந்தபோது, அடிக்காமல் இருந்ததற்காகவே ப்ரூஃபோர்டின் பெயரையும் இசையமைத்தவர்களில் சேர்த்துவிட்டார்கள். ஒன்றும் வராத ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த மரியாதை கிடைத்திருக்காது.

பிள்ளையின் பழைய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. தனி ஆவர்த்தனத்தைத் தேடி ஓட்டாதீர்கள். மணி ஐயர் ஸ்வரம் பாடும் இடத்தில் அந்தத் தொப்பியைக் கேளுங்கள்.