கல்கத்தாவின் இன்னொரு இருட்டறை

கல்கத்தா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1756-ஆம் ஆண்டு இருட்டறைச் சம்பவம் ஞாபகம் வரும். வானத்து இருட்டறையான கருந்துளைக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. இங்கே வந்து நாற்பது வருஷம் வரை எனக்கு அது தெரியாது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சங்க மேடையில் நாம் சர் சி.வி. ராமனைப் பற்றிப் பேசாத வருஷம் இல்லை. 1928-இல் அவர் ராமன் விளைவைக் கண்டது பௌபஜாரில் இருந்த இண்டியன் அசோசியேஷன் ஆய்வுக்கூடத்தில். அதே நிறுவனத்தில் பின்னாளில் பணியாற்றிய அமல் குமார் ராய்சௌத்ரியை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1952-இல் அங்கே அவருக்கு இட்ட வேலை உலோகங்களைப் பற்றியது. மனசோ ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில். அப்போது ஒரு சந்தேகம் தீராமல் இருந்தது. பெரிய நட்சத்திரம் தன் ஈர்ப்பிலேயே சுருங்கினால் ஒளிகூட வெளியே தப்பாது என்று 1939-இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது அப்பழுக்கில்லாத உருண்டை. நிஜ நட்சத்திரம் கொஞ்சம் கோணல்மாணலாக இருக்குமே! துகள்கள் மையத்தைத் தவறவிட்டு விலகிப் போய்விடாதா?

1955-இல் 'பிசிகல் ரிவ்யூ' இதழில் வெளியான ராய்சௌத்ரியின் சமன்பாட்டில் உருண்டை என்ற நிபந்தனையே கிடையாது. தடையின்றி விழும் துகள் கூட்டம் ஒருமுறை சுருங்கத் தொடங்கினால், சுழற்சி இல்லாதவரை, ஈர்ப்பு அதை மேலும் மேலும் குவிக்கும். கோணல் அதைத் தடுக்காது, இன்னும் வேகப்படுத்தும்!

இந்தக் குவிதலை ஒளிக்கதிர்களுக்குப் பொருத்தித்தான் 1965-இல் ரோஜர் பென்ரோஸ், ஒளியே உள்நோக்கித் திரும்பிவிட்ட இடத்தில் பாதைகள் முடிந்தே தீரும் என்று நிறுவினார். பாதை முடிவது என்றால் சுவரில் முட்டுவது இல்லை. உள்ளே போனவனுக்கு மையம் என்பது ஓர் இடமே அல்ல, நாளைய தினம் மாதிரி. நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நாளை வந்துவிடுகிறதல்லவா? அந்த 'நாளை'க்கு அப்புறம் காலம் கிடையாது என்கிறது கணக்கு.

பென்ரோஸுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரசிடென்சி கல்லூரியில் 1961 முதல் பாடம் நடத்திய ராய்சௌத்ரி 2005-இலேயே காலமாகிவிட்டார். 1959-இல் அவருடைய டி.எஸ்ஸி. ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களில் ஒருவர் ஜான் வீலர். 'பிளாக் ஹோல்' என்ற பெயரை 1967-க்குப் பிறகு உலகமெங்கும் பரப்பினவர் அவரேதான்.