கரி கொடுத்த பள்ளத்தாக்குகள்

உலகுக்கெல்லாம் செல்வம் ஈட்டிக் கொடுத்த ஒரு நிலப்பகுதி, தான் மட்டும் நோயிலும் வறுமையிலும் ஆழ்வது எங்ஙனம்? தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

1759ஆம் ஆண்டில் டௌலைஸ் என்னுமிடத்தில் இரும்பாலை தோன்றிற்று. அதனை அடுத்த மேர்த்தர் டிட்வில் விரைவில் வேல்ஸ் நாட்டின் மிகப் பெரிய நகரமாயிற்று. உலைகள் பெருகின, நல்ல குடிநீரும் கழிவுநீர் வாய்க்கால்களும் பெருகவில்லை. 1849இல் பரவிய வாந்திபேதி அந்நகரில் 1,400க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது.

1920இல் தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உழைத்தனர். பின்னர்க் கப்பல்கள் எண்ணெயை நாடின. பிறநாட்டுக் கரி சந்தையைப் பிடித்தது. இரு உலகப் போர்களுக்கிடையே 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடி வேல்ஸை விட்டகன்றனர்.

எனினும், அம்மக்கள் கைகட்டி நின்றாரல்லர். தத்தம் கூலியிற் சிறு பகுதியைச் சேர்த்துப் படிப்பகங்களும் நூல்நிலையங்களும் அமைத்தனர். திரெடீகர் நகரத் தொழிலாளர், 1890இல் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நிறுவினர். வாரந்தோறும் செலுத்திய சில்லறைக் காசுகள் வைத்தியருக்கும் மருந்துக்கும் வழி செய்தன. அவ்வூரிற் பிறந்து, 13ஆம் வயதிற் சுரங்கத்தில் இறங்கியவர் அனைரின் பெவன். தொழிலாளர் நூல்நிலையமே அவருக்கு உயர்கல்விக்கூடம். சுகாதார மந்திரியாகிய அவர், 1948 ஜூலை 5ஆம் நாள் பிரித்தானியாவில் இலவச வைத்திய சேவையைத் தொடங்கிவைத்தார்.

குறை அதனோடு தீர்ந்ததா? இல்லை. கிளின்கோரக் என்னும் சுரங்கக் கிராமத்தின் வைத்தியர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். எங்கே நோய் மிகுதியோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு; எங்கே தேவை குறைவோ அங்கே அது நிறைவு. வைத்தியம் சந்தைப் பொருளாகுந்தோறும் இவ்வேற்றுமை வளரும் என்பதும் அவர் கருத்து. நோயாளர் தம்மைத் தேடி வருமட்டும் அவர் காத்திருக்கவில்லை. வயதுவந்தோர் அனைவரதும் இரத்த அழுத்தத்தை அளந்தறிய முற்பட்டார். அக்கிராமத்தில் அகால மரணம் அயற்கிராமத்தினும் குறைந்திருந்ததைப் பிற்கால ஆய்வு காட்டிற்று.

கல்வியின் கதையும் சிந்தித்தற்குரியது. சுரங்கத் தொழிலாளி தன் மகனைச் சுரங்கத்துக்கு அனுப்பாதிருக்கவே படிப்பித்தான். படித்த மகனோ ஆசிரியனாகி வெளியூர் சென்றான். கல்வி குடும்பத்தை உயர்த்திற்று. ஊருக்கோ அதன் பயன் எஞ்சவில்லை.

2002இல் எப்வேல் உருக்காலையும், 2008இல் டவர் சுரங்கமும் மூடப்பட்டன. தொழில் ஒழிந்தது, அது விட்டுச்சென்ற மார்புநோய் ஒழியவில்லை.

நேயர்களே, வைத்தியசாலை, பாடசாலை, தொழில் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் தூண்களாம். ஒன்றை நாட்டி மற்றிரண்டையும் மறந்தால் கூரை நில்லாது. சமமாகப் பங்கிடுவது மட்டும் நீதியன்று. தேவையறிந்து, மிக்க தேவையுள்ளவனிடம் முதலிற் செல்வதே நீதி.