வாசிக்க இயலா வட்டுக்களும் ஊவாத் தோட்டங்களின் ஆவண மரபும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதுதற்கு ஆவணம் இருந்தால் மாத்திரம் போதாது. அதனை வாசிக்கும் சாதனம் எவர் கையிலுள்ளது என்பதும் ஆராயப்படல் வேண்டும். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளின் பெருந்தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை இவ்வினா கணினியோடு தோன்றியதன்று.

கங்காணியினதும் அவர்கீழ்த் தொழிலாளரதும் கடன் தீர்க்கப்படின் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டே ‘துண்டு’. 1921 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் தொழிலாளியின் நாளுழைப்பு ‘பேர்’ எனப் பதியப்பட்ட செக்ரோல் தோட்டக் கந்தோரிலேயே இருந்தது. எழுதப்பட்டது தொழிலாளியின் வாழ்வு. எழுதியவரும் காத்தவரும் வேறொரு வர்க்கத்தின் ஊழியர்.

இதன் விளைவு சட்டத்தின் முன் வெளிப்பட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முற்பட்ட தொடர்ச்சியான வதிவினை, மணமானோர்க்கு ஏழாண்டும் ஏனையோர்க்குப் பத்தாண்டும், நிறுவுமாறு கோரியது. 2003 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964 ஒக்ரோபர் 30 முதலான வதிவினையோ அத்தகையோரின் வழித்தோன்றலாக இருத்தலையோ நிபந்தனையாக்கியது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த சேமலாப நிதிக்கும் சேவைப் பதிவு இன்றியமையாதது. தோட்டங்களோ 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. நிருவாகம் கைமாறுந்தோறும் பதிவேடுகளின் கதியும் அதனோடு பிணைந்திருந்தது.

இப்பின்னணியிலேயே நெகிழ்வட்டினை நோக்குதல் வேண்டும். 1980களின் பிற்பகுதியிலிருந்து அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் கணினி பரவியபோது எழுத்து காந்தப் படலத்திற் குடியேறியது. மூன்றரை அங்குல வட்டின் ஒவ்வொரு பக்கமும் 80 தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் 512 பைட்டுக் கொண்ட 18 கூறுகளாகவும் வகுக்கப்பட்டது. சொனி நிறுவனம் 2011 இல் இதன் உற்பத்தியை நிறுத்திற்று.

ஒரு தொழிற்சங்கக் கிளையினதோ சிற்றிதழினதோ பழைய வட்டு இன்று கிடைக்குமாயின், அது வாசிக்கப்படாமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். மலைநாட்டு ஈரத்தாற் பூஞ்சணம் படர்ந்திருக்கலாம். எழுதிய செலுத்தியின் தலை இடம்பிசகியிருந்தால், பிறிதொரு செலுத்தி அத்தடங்களைக் காணாது. மக்கின்டொஷ் கணினியின் 800 கிலோபைட்டு வட்டு, வேறுபடும் சுழற்சி வேகத்தில் எழுதப்பட்டமையால், டொஸ் கணினியின் செலுத்திக்கு எட்டாது. இவற்றுட் பலவற்றில் எழுத்து அழியவில்லை. அதனோடு பொருந்தும் கருவியே இல்லை.

விண்டோஸ் பணிசெயல் முறைமை இத்தகைய வட்டினை ‘வடிவமைக்கப்படாதது’ என அறிவித்து, இப்போது வடிவமைக்கலாமா என வினவும். ஆம் என்பது ஆவணத்தை அழிக்க இசைவதாகும். முதலில் எழுத்துத்தடைத் துளையைத் திறந்துவிடல் வேண்டும்; பூஞ்சணம் கண்ட வட்டினைத் துப்புரவாக்குமுன் செலுத்தியில் இடலாகாது; பின்னர் முழுவட்டினையும் கூறு கூறாகப் படியெடுத்து, திருத்த முயற்சிகளை அப்படியிலேயே செய்தல் வேண்டும். கோப்புகளின் இருப்பிடங் காட்டும் அட்டவணை முதற்றடத்தில் இரு படிகளாக உள்ளமையால், ஒன்று பழுதாயினும் மற்றையது துணைபுரியும்.

கோப்புத் திறந்த பின்னும் தமிழ் தோன்றாதிருக்கலாம். இலங்கையிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலேயே தமிழை அமைத்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னுஞ் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தோன்றும். ஆங்கிலக் குப்பையென ஒருவர் எறிவது தமிழர் சங்கமொன்றின் தீர்மானமாக இருத்தல் கூடும். அதனை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இன்று உள்ளன.

எனவே வாசிக்க இயலாமை என்பது வட்டின் இயல்பு மாத்திரமன்று. வட்டு, கருவி, எழுத்துரு, உடைமை ஆகியவற்றுக்கிடையிலான உறவுமாகும். சந்தையில் இலாபம் தராத கருவி மறையும்போது அதனை நம்பியிருந்தோரின் நினைவும் மறைகின்றது. நிறுவனங்கள் தம் கணக்கைப் புதிய பொறிக்கு மாற்ற வல்லன. தொழிலாளர் அமைப்புக்கோ அவ்வசதி அரிது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற பொது முயற்சிகள் இவ்விடைவெளியை நோக்கியே எழுந்தவை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் பழைய செலுத்தியொன்றையேனும் பேணி, லயங்களிலும் சங்கக் கிளைகளிலும் எஞ்சும் வட்டுக்களைத் திரட்டிப் படியெடுத்தல் காலத்தின் தேவையாகும். துண்டினை வாசிக்கும் அதிகாரம் அற்றிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள், தம்மவர் எழுதியதையேனும் தாமே வாசித்தல் வேண்டும்.