லாக் ஓபரான்: பின்னூட்டமும் தற்செயலும்

லாக் ஓபரான் என்பது ஈ. கோலை பாக்டீரியா லாக்டோஸை உள்ளெடுத்துப் பயன்படுத்துவது தொடர்பான மூன்று மரபணுக்களின் தொகுதி. அதன் கட்டுப்பாட்டு முறையை பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகியோர் 1961இல் விளக்கினர். ஒடுக்கிப் புரதம் டி.என்.ஏ.வைப் பற்றியிருக்கும்வரை தொகுதி ஏறக்குறைய முடங்கியிருக்கும். தூண்டி மூலக்கூறு ஒடுக்கியை விலக்கினால் பெர்மியேஸ் புரதம் உருவாகும்; அது மேலும் தூண்டியை உள்ளே கொணரும். இந்த நேர்ப் பின்னூட்டத்தால், குறைந்த தூண்டிச் செறிவில் சில செல்கள் முழுமையாக இயங்க, மற்றவை இயங்காதிருக்கும் என்பதை ஆரன் நோவிக், மில்டன் வைனர் 1957இல் காட்டினர்.

இவ்வேறுபாட்டை மரபணுத் திடீர்மாற்றம் எனக் கொள்ள இயலாது. தூண்டியை நீக்கினால் இயங்கிய செல்களின் வழித்தோன்றல்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. சூழல் வேறுபாடு மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது: 2002இல் மைக்கேல் எலோவிட்ஸ் குழுவினரின் சோதனையில், ஒரே செல்லில் ஒரேவகை ஊக்கிப் பகுதியால் இயக்கப்பட்ட இருநிற ஒளிர்புரதங்கள்கூட வெவ்வேறு அளவில் உருவாயின. ஒரு செல்லில் ஒடுக்கி மூலக்கூறுகள் சிலவே. அவற்றில் ஒன்று டி.என்.ஏ.விலிருந்து முழுதாக விலகும் அரிய நிகழ்வே நிலைமாற்றத்தைத் தூண்டுகிறது என 2008இல் சன்னி ஷியே குழுவினர் கண்டனர். ஆகவே தற்செயல் மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது. நேர்ப் பின்னூட்டம் அதை நிலைநிறுத்துகிறது.