ஃபிக்ஸட் கியர் சைக்கிள்: குறைந்த செலவில் கட்டுதலும் ஓட்டுதலும்

பின்சக்கரத்தின் பல்சக்கரம் ஹப்போடு அசையாமல் பூட்டப்பட்டு, ஃபிரீவீல் இல்லாமல் ஓடும் மிதிவண்டி ஃபிக்ஸட் கியர் சைக்கிள். ஓட்டுகிறவர்கள் ஃபிக்ஸி என்பார்கள். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்டு இறக்கத்தில் சும்மா உருண்டு போகலாம். ஃபிக்ஸியில் அது நடக்காது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், கால் அதோடு போயே ஆக வேண்டும். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். நின்ற நிலையிலிருந்து பின்னால் மிதித்தால் வண்டியும் பின்னால் நகரும். முன்சக்கரத்தில் பெடல் வைத்த குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளில் இருப்பதும் இதே ஏற்பாடுதான்.

கியர் மாற்றும் கருவி, அதற்கான ஒயர், அடுக்குப் பற்கள் எதுவும் இல்லாததால் பழைய இரும்பு சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டிலேயே ஃபிக்ஸியாக மாற்றிவிட முடியும். சீட்டு, கைப்பிடி, பெடல், பெயின்ட் என்று எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம். பின் ஹப், செயின், முன் பிரேக் ஆகிய மூன்றில் மட்டும் கூடாது.

வரலாறு

மிதிவண்டி பிறந்ததே இப்படித்தான். 1860களில் பாரிஸில் மிஷோ பட்டறை செய்த வண்டிகளிலும், பிறகு வந்த பெரிய முன்சக்கர வண்டிகளிலும் பெடல் முன் அச்சிலேயே இருந்தது. 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்து, செயின் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டும் முறையை நிலைநிறுத்தினார். அதிலும் ஃபிரீவீல் கிடையாது. இறக்கம் வந்தால் பெடலிலிருந்து காலை எடுத்து, முன் ஃபோர்க்கில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கியில் வைத்துக்கொள்வார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிரீவீல் பரவிய பின்னரே சாலை வண்டிகள் மாறத் தொடங்கின.

பந்தய ஓடுபாதைகளில் மட்டும் அந்த மாற்றம் வரவேயில்லை. வெலோட்ரோம் எனப்படும் சாய்தளப் பாதையில் இன்றும் பிரேக் இல்லாத ஃபிக்ஸட் கியர் வண்டிதான் ஓடுகிறது. ஜப்பானில் பந்தயப் பணம் கட்டிப் பார்க்கும் கெய்ரின் பந்தயம் 1948இல் கொகுரா நகரில் தொடங்கியது. 2000 முதல் அது ஒலிம்பிக்கிலும் உண்டு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற சாதனைக்கும் இதே வண்டிதான். 1972இல் மெக்சிகோ நகரில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 49.431 கி.மீ. ஓட்டினார், 2022இல் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 56.792 கி.மீ. ஓட்டினார்.

ஓடுபாதை வண்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தவர்கள் அமெரிக்க நகரங்களின் சைக்கிள் கூரியர்கள். நாளெல்லாம் நெரிசலில் ஓடும் வண்டியில் பழுதாகக்கூடிய பாகம் குறைவாக இருந்தால் அன்றைய கூலி தப்பும். நியூயார்க்கில் அப்படிக் கூரியராக உழைத்த நெல்சன் வெய்ல்ஸ், 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட் பிரிவில் வெள்ளி வென்றார். அந்தத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைத்ததில்லை. 2000க்குப் பின் சான் பிரான்சிஸ்கோ, லண்டன், டோக்கியோ இளைஞர்களிடையே ஃபிக்ஸி மோகம் கிளம்பியது. பழைய சைக்கிளை மாற்றிக் கட்டும் பழக்கம் பெருகியதும் அந்தக் காலத்தில்தான்.

சட்டம்

சிக்கனமாக ஃபிக்ஸி கட்ட முதலில் தேவை ஒரு பழைய சட்டம், அதாவது ஃபிரேம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் வாங்கும் அலை ஒன்று அடித்தது. 1973இல் மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. அன்று வாங்கிய பத்து கியர் வண்டிகள் பல பிற்காலத்தில் வீட்டு நிலவறைகளில் துருப்பிடித்துக் கிடந்தன. சிக்கனமாக ஃபிக்ஸி கட்டுவோர் தேடியது இவற்றைத்தான். காரணம், பின் அச்சு உட்காரும் பிளவு. ஃபிக்ஸியில் செயினை இறுக்கச் சக்கரத்தையே பின்னால் இழுத்து முடுக்க வேண்டும். பழைய வண்டிகளில் அந்தப் பிளவு கிடைவாட்டில் இருப்பதால் சக்கரம் முன்பின் நகரும். பிற்கால வண்டிகளில் பிளவு செங்குத்தாக இருக்கும். அவற்றில் செயினை இறுக்க வழியில்லை. அச்சு மையம் விலகிய விசேஷ ஹப் வாங்க வேண்டும், அதன் விலையில் சிக்கனம் போய்விடும்.

சட்டம் இரும்பாக இருப்பது நல்லது. பின் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையே ஐந்து பல் அடுக்கு வண்டிகளில் 120 மி.மீ., ஆறு ஏழு அடுக்கு வண்டிகளில் 126 மி.மீ. இருக்கும். ஓடுபாதை (டிராக்) ஹப்பின் அகலம் 120 மி.மீ. மிச்ச இடைவெளியை வாஷர் போட்டு நிரப்பலாம், இரும்பை அளவாக வளைத்தும் சரிசெய்யலாம். அலுமினியத்தை வளைக்கக் கூடாது, விரிசல் விடும். பழைய பிரெஞ்சு வண்டிகள் மலிவாகக் கிடைத்தாலும் பெடல் அச்சின் மரையளவு வேறு என்பதால், உதிரிபாகம் தேடியே பணம் கரையும்.

சக்கரத்திலும் ஒரு கணக்கு உண்டு. பழைய 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ.; இன்று பரவலாகக் கிடைக்கும் 700சி ரிம்மில் 622 மி.மீ. புதிய சக்கரத்தைப் பழைய சட்டத்தில் மாட்டினால் பிரேக் கட்டையை 4 மி.மீ. கீழே இறக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு இடம் இருக்கும். சக்கரம் வாங்குமுன் அளந்து பார்த்துவிடுவது நல்லது.

பின் ஹப்

டிராக் ஹப்பில் இரண்டு படிகளாக மரை வெட்டியிருக்கும். உள்படியில் பல்சக்கரம் வலஞ்சுழியாக ஏறும். வெளிப்படியின் விட்டம் சற்றே சிறியது, அதில் பூட்டு வளையம் இடஞ்சுழியாக ஏறும். வண்டியின் உயிர் இந்த எதிர்மரையில்தான் இருக்கிறது. பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழன்று வெளியே வரப் பார்க்கும். அப்படி வரும்போது பூட்டு வளையத்தையும் அதே திசையில் திருப்பும். வளையத்தின் மரை எதிர்த்திசை என்பதால் அது மேலும் இறுகிப் பல்சக்கரத்தைத் தடுத்துவிடும்.

சாதாரண ஃபிரீவீல் ஹப்பின் மரையும் டிராக் பல்சக்கரத்தின் மரையும் ஒரே அளவு. அதனால் ஃபிரீவீலைக் கழற்றிவிட்டுப் பல்சக்கரத்தை ஏற்றி, பெடல் அச்சின் பூட்டு வளையத்தை அதன்மேல் முறுக்கிவிடுவது பலருக்குத் தெரிந்த மலிவு வழி. எதிர்மரை இல்லாததால் பல்சக்கரமும் வளையமும் சேர்ந்தே கழலக்கூடும். மரையில் பசை போட்டாலும் அந்த அபாயம் முழுதாகப் போகாது. இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘தற்கொலை ஹப்’. மாசச்சூசெட்ஸில் சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்து, ஃபிக்ஸட் கியர் பற்றி உலகம் முழுவதும் படிக்கப்பட்ட கட்டுரைகளை எழுதிய ஷெல்டன் பிரவுன் (1944–2008) போன்றவர்களின் விளக்கங்களால்தான் இந்த மரை நுணுக்கங்கள் சாமானிய ஓட்டுநர் கைக்கு வந்தன.

பல்சக்கரத்தைச் செயின் சாவியால் முறுக்கி, வண்டியை ஒரு மேட்டில் அழுத்தி மிதித்து ஏற்றிய பிறகு, பூட்டு வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் இறுக்க வேண்டும். அதுவரை பின்னோக்கி அழுத்தவே கூடாது.

செயினும் கியர் விகிதமும்

செயின்வீலும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். டிராக் ஹப்பில் அந்தக் கோடு சட்டத்தின் நடுவிலிருந்து பெரும்பாலும் 42 மி.மீ. தள்ளி இருக்கும். பத்து கியர் வண்டியின் இரண்டு செயின்வீல்களில் உட்புறம் இருப்பதன் இடமே அநேகமாக இதற்குப் பொருந்தும். வெளிப்புறத்தை எடுத்தபின் குட்டை போல்ட் போட வேண்டும். செயினின் தொய்வு மேலும் கீழுமாக ஒரு செ.மீ. அளவில் இருந்தால் போதும். அதற்கு மேல் தொய்ந்தால் ஓட்டத்தில் கழன்று பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம். மிகவும் இறுகினால் பால்ரஸ் தேயும்.

சமதளத்தில் புதிதாக ஓட்டுபவருக்கு 44 பல் செயின்வீலும் 16 பல் பின் பல்சக்கரமும் ஏற்றது. ஒரு மிதி சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.8 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 21 கி.மீ., 90 சுற்றுக்கு 31 கி.மீ. இறக்கத்தில் வேகம் 40 கி.மீ. ஆனால் கால் நிமிடத்துக்கு 115 சுற்றுக்கு மேல் சுழல வேண்டியிருக்கும். மேட்டுப்பாங்கான ஊரில் ஃபிக்ஸி சோதிப்பது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான்.

பின்சக்கரத்தைச் சறுக்கி நிறுத்துகிறவர்களுக்கு விகிதத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. 48க்கு 16 என்றால் மூன்றுக்கு ஒன்று. எப்போதும் ஒரே காலை முன்வைத்துச் சறுக்கினால் டயரின் ஒரே இடம் தரையில் தேய்ந்து சீக்கிரம் கிழியும். 46க்கு 16ஐச் சுருக்கினால் 23க்கு 8. தேய்மானம் குறைந்தது எட்டு இடங்களில் பகிரப்படும். செலவைப் பார்ப்பவர் பல் எண்ணிக்கையை இப்படித் தேர்ந்தால் டயர் காசு மிஞ்சும்.

ஓட்டுதல்

முதலில் மறக்க வேண்டியது மிதியை நிறுத்தும் பழக்கம். வேகத்தில் காலை நிறுத்தினால் பெடல் உடம்பைத் தூக்கிவிடும். திருப்பத்தில் சாயும்போதும் உட்புறப் பெடல் கீழே வந்துகொண்டேயிருக்கும், தரையில் இடித்தால் விழ வேண்டியதுதான். அதனால்தான் பெடலைத் தாங்கும் கையான கிராங்கில் 165 மி.மீ. நீளமுள்ள குட்டையானதை விரும்புகிறார்கள். பாதம் நழுவாமலிருக்கப் பெடலில் கூண்டும் வாரும் தேவை. கால் நழுவிவிட்டால் சுழலும் பெடலை மீண்டும் பிடிப்பது கடினம், காலால் நிறுத்தும் வசதியும் அந்த நொடியில் போய்விடும்.

நிறுத்தும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடிப்பு குறையும். எவ்வளவு பலமாகப் பின்னோக்கி அழுத்தினாலும், நல்ல முன் பிரேக் நிறுத்தும் தூரத்தில் நிறுத்த முடியாது. பிரிட்டனில் 1983ஆம் ஆண்டு விதிகள் பூட்டிய பின்சக்கரத்தைப் பின் பிரேக்காக ஏற்றுக்கொண்டாலும், முன் பிரேக் கட்டாயம் என்கின்றன. நியாயமான விதி அது. பிரேக் இல்லாத ஓடுபாதை வண்டிக்கு எதிரே யாரும் குறுக்கே நடந்து வருவதில்லை, தெருவில் வருவார்கள்.

ஷூ நாடாவும் பேன்ட் நுனியும் செயினில் சிக்கினால் ஃபிக்ஸி நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். சக்கரத்தைச் சுற்றவிட்டுச் செயினைத் துடைத்தவர்கள் விரல் இழந்திருக்கிறார்கள். துடைக்கும்போது சக்கரம் அசையாமல் இருக்க வேண்டும்.

நம் ஊர் சைக்கிளில்

நம் பழைய கறுப்பு ரோட்ஸ்டரின் பின் அச்சுப் பிளவு பின்னால் திறந்தது. செயின் இறுக்க ஏற்ற அமைப்பு. தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பின் ரிம்மில் 40 ஸ்போக் துளைகள் இருக்கும், பரவலாகக் கிடைக்கும் டிராக் ஹப்பில் 32 அல்லது 36. காட்டர் பின் போட்ட கிராங்க், முன்னும் பின்னும் மாறி மாறி வரும் அழுத்தத்தில் ஆட்டம் காணும். ஃபிரீவீலை வெல்டிங் வைத்து அசையாமல் செய்வது எல்லாவற்றிலும் மலிவான வழி. அதில் எதிர்மரைப் பூட்டு கிடையாது, வெல்டிங் சூட்டில் பல்லின் கடினமும் கெடும். அதைச் செய்யாதீர்கள். பூட்டு வளையம் உள்ள டிராக் ஹப்பும் பொருந்தும் ரிம்மும் வாங்கப் பணம் சேரும்வரை ஃபிரீவீலோடே ஓட்டுங்கள்.