பழைய டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? பம்பை கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்க!

பழைய டாடா சுமோ, பொலிரோ, டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தலைவலி இது. முந்தைய நாள் வரை ஓடிய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது. உடனே 'பம்ப் போச்சு' என்று முடிவு கட்டினால் பெரிய செலவுதான். ஆனால் பல நேரங்களில் கோளாறு அதைவிடச் சின்னதாக இருக்கும். அது எங்கே என்பதை வண்டி போடும் சத்தமும், சைலன்சர் புகையுமே சொல்லிவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சாவியை விடாமல் திருப்பிப் பிடிக்காதீர்கள். ஒரு முறைக்கு 10 விநாடி போதும். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். இல்லையென்றால் பேட்டரியோடு செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போய்விடும்.

செல்ஃப் எடுக்கிறதா?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றும். அதனால் இன்ஜின் வேகமாகச் சுற்றியே ஆக வேண்டும். மெதுவாக இழுத்தால் அந்தச் சூடு வராது.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் ஒரேயடியாக மங்கினால் பேட்டரி டவுன், அல்லது டெர்மினலில் பூப்பூத்திருக்கிறது என்று அர்த்தம். டெர்மினலையும், இன்ஜினுக்குப் போகும் எர்த் வயரையும் சுத்தம் செய்து இறுக்குங்கள். முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். லைட் மங்கவே இல்லை, சத்தமும் இல்லை என்றால் செல்ஃப் மோட்டார் அல்லது அதன் வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

புகையே வரவில்லையா?

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் துளி புகை இல்லை என்றால், டீசல் உள்ளே போகவில்லை.

* டேங்கில் டீசல் இருக்கிறதா? பழைய மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்.
* சாவியை ஆன் செய்யும்போது பம்ப் பக்கம் 'டிக்' சத்தம் கேட்கிறதா? பல வண்டிகளில் கட்-ஆஃப் சோலனாய்டு இருக்கும். அதற்கு கரண்ட் வராவிட்டால் டீசல் போகாது. சில வண்டிகளில் ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே சிக்கியிருக்கும்.
* டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, அடியில் தண்ணீர் நிற்கிறதா? தண்ணீரை வடித்துவிடுங்கள்.
* லைனில் ஏர் பிடித்திருக்கிறதா? ஃபில்டர் மாற்றிய பிறகும், டேங்க் காலியான பிறகும் இது சகஜம். ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடியுங்கள். குமிழி நின்று சுத்தமாக டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடிக்கடி ஏர் பிடித்தால் எங்கோ ஹோஸ் வெடித்திருக்கிறது அல்லது வாஷர் கசிகிறது.

வெள்ளைப் புகை வருகிறதா?

டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அதன் லைட் அணைந்த பிறகே செல்ஃப் அடியுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இது ரொம்ப முக்கியம். பிளக்குகளுக்கு கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட்டில் பார்க்கலாம். வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலேயைச் சோதியுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்தான் நாசில், டைமிங், கம்ப்ரஷன் என்று போக வேண்டும்.

இதைச் செய்யாதீங்க!

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கக் கூடாது. சூடான பிளக்கில் பட்டு வெடித்தால் பிஸ்டனே உடையலாம், ஆளுக்கும் ஆபத்து.

நாசில் பைப் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயம் போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் ஆபத்துதான். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல் போல இறுகிவிடும்.

இந்த வழிகள் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டுமே. காமன் ரெயில் வண்டியில் பைப்பைத் தளர்த்த வேண்டாம், ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: செல்ஃப் எப்படிச் சுற்றியது, புகை வந்ததா, கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள். எந்த சாமானுடன் கிளம்ப வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.