மேனேஜிங் ஏஜென்சி: ஒரே அலுவலகம், பல கம்பெனிகள்

வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்து கணக்கு வழக்கைப் பார்த்து, வங்கியோடு பேசி, அடுத்த மூன்று வருடத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் நிதித் தலைவர்களைச் சிறு கம்பெனிகள் இப்போது அமர்த்திக்கொள்கின்றன. முழுநேர ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது, ஆனால் அனுபவம் வேண்டும். இதை ஏதோ நேற்று அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய சரக்கு மாதிரி பேசுகிறார்கள். இந்தியாவில் சணல், தேயிலை, நிலக்கரி, பஞ்சாலை என்று பெரிய தொழில்கள் பலவும் நூறு வருடத்துக்கு மேல் வெளியாள் நிர்வாகத்தில்தான் ஓடின. அதன் பெயர் மேனேஜிங் ஏஜென்சி. கம்பெனிச் சட்டப் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகிற (பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி!) விஷயம்.

கதை கல்கத்தாவில் ஆரம்பிக்கிறது. 1834-ல் துவாரகநாத் தாகூர் (கவி ரவீந்திரநாத்தின் தாத்தா), வில்லியம் கார் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து கார், தாகூர் அண்ட் கம்பெனியைத் தொடங்கினார். 1836-ல் கல்கத்தா ஸ்டீம் டக் அசோசியேஷன் உருவானது. ஹூக்ளி ஆற்றில் பாய்மரக் கப்பல்களை நீராவிப் படகு கட்டி இழுப்பது அதன் வேலை. பங்கு வாங்கியவர்களுக்குக் கப்பலும் தெரியாது, கணக்கும் தெரியாது. எனவே நிர்வாகம் முழுவதையும் கார், தாகூரிடம் ஒப்படைத்தார்கள். அதே வருடம் துவாரகநாத் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தையும் வாங்கினார். படகுக்கு நிலக்கரி வேண்டும். விற்பவரும் அவர்கள், வாங்குபவர் சார்பில் விலை பேசுபவரும் அவர்கள்! அடுத்த 130 வருடம் இந்த முறையைத் துரத்திய நோய் முதல் கம்பெனியிலேயே இருந்தது. துவாரகநாத் 1846-ல் லண்டனில் இறந்தார். 1848-ல் யூனியன் வங்கி விழுந்தபோது கார், தாகூரும் மூடப்பட்டது.

ஆனால் முறை சாகவில்லை, இன்னும் பரவியது. காரணம் எளிது. அப்போது நாட்டில் பழகிய மேனேஜர்கள் இல்லை, பங்குச் சந்தை சரியாக வளரவில்லை, முன்பின் தெரியாத கம்பெனிக்கு வங்கி கடன் தராது. ஆண்ட்ரூ யூல், பேர்ட் போன்ற பெயருள்ள ஏஜென்சி ஒன்று பின்னால் நின்றால் பணம் தானாக வந்தது. பத்துக் கம்பெனிக்கும் ஒரே அலுவலகம், ஒரே கொள்முதல் பிரிவு என்பதால் செலவும் மிச்சம். இவை இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் பாதித் தொழில்கள் பிறந்தே இருக்காது. இதை மறைத்துவிட்டு வெறும் கொள்ளைக் கதையாக எழுதுவது நியாயம் இல்லை.

சிக்கல் கூலியில் இருந்தது. பம்பாயின் ஆரம்பகாலப் பஞ்சாலைகளில் ஏஜெண்டுக்குக் கமிஷன் பவுண்டுக்குக் கால் அணா. கவனியுங்கள், லாபத்தில் பங்கு இல்லை, உற்பத்தியில்! ஒரு மில் பத்து லட்சம் பவுண்டு உற்பத்தி செய்தால் 15,625 ரூபாய் ஏஜெண்டுக்குப் போய்விடும். நூல் விற்றதா, கிடங்கில் தேங்கியதா என்பது பங்குதாரர் கவலை. 1886-ல் சுதேசி மில்லைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாடா கமிஷனை லாபத்தோடு இணைத்தது அதனால்தான் பெரிய விஷயம். சரி, ஏஜெண்டு பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாமே? முடியாது. ஒப்பந்தம் நீண்ட காலத்துக்கு எழுதப்பட்டிருக்கும். சொற்பப் பங்கு வைத்திருந்தாலும் போதும், அந்தக் காகிதத்தின் பலத்தில் கம்பெனி அவர் கையில். அந்த உரிமை மகனுக்கும் போகும், விலைக்கும் போகும்.

சென்னையில் இது கண்ணெதிரே நடந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி திவாலாகி, அதை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். மறுவருடம் இந்தியன் வங்கி பிறந்தது. இதெல்லாம் பலருக்குத் தெரியும். அதே சூட்டில் பின்னி கம்பெனியும் நொடித்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பக்கிங்ஹாம் மில்லையும் கர்நாடிக் மில்லையும் (நம் பி அண்ட் சி மில்தான்) நிர்வகித்தது பின்னி. மில்கள் ஓடிக்கொண்டிருந்தன, மில்லை நடத்தியவர் விழுந்தார். பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன ஜேம்ஸ் மக்கே பின்னியை வாங்கினார். மில் நிர்வாகமும் கூடவே கைமாறியது.

அரசு மெதுவாகத்தான் கடிவாளம் போட்டது. 1936 திருத்தத்தில் ஒப்பந்தத்துக்கு 20 வருட உச்சவரம்பு வந்தது. 1956 சட்டம் கமிஷனை நிகர லாபத்தில் 10 சதவீதத்துக்குள் நிறுத்தியது. 1960 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு ஒருவர் பத்துக் கம்பெனிகளுக்கு மேல் ஏஜெண்டாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. கடைசியில் 1970 ஏப்ரல் 3-ல் முறையே ஒழிக்கப்பட்டது. அதற்குள் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் ஐ.ஐ.எம்.கள் 1961-லேயே வந்துவிட்டதால் மேனேஜருக்குப் பஞ்சம் என்ற பழைய சாக்கும் எடுபடவில்லை.

ஒழித்ததும் வேடிக்கையான விளைவு ஒன்று. டாடா குழுமத்தில் மையத்தின் பிடி தளர்ந்தது. டாடா ஸ்டீலில் ரூசி மோடி, டாடா கெமிக்கல்ஸில் தர்பாரி சேத், தாஜ் ஹோட்டல்களில் அஜித் கெர்கர் என்று ஒவ்வொருவரும் குறுநில மன்னர் ஆனார்கள். 1991-ல் பொறுப்பேற்ற ரத்தன் டாடா காகித ஒப்பந்தம் இல்லாத நிலையில் பங்குகளை வாங்கி வாங்கித்தான் பிடியை மீட்க வேண்டியிருந்தது.

அந்தப் பழைய பயம் 2013 கம்பெனிச் சட்டத்தின் 203-வது பிரிவிலும் தெரிகிறது. பட்டியலிட்ட கம்பெனிகளும், 10 கோடி அல்லது அதற்கு மேல் செலுத்திய மூலதனம் உள்ள பப்ளிக் கம்பெனிகளும் முழுநேர நிதித் தலைவரை வைத்தே ஆகவேண்டும். அவர் துணைக் கம்பெனியைத் தவிர வேறெங்கும் அதே நேரத்தில் பதவி வகிக்க முடியாது. வாரத்துக்கு இரண்டு நாள் தலைவர்களுக்கு மிச்சம் இருப்பது சிறிய கம்பெனிகளும் பிரைவேட் கம்பெனிகளும்தான்.